உப்புக் காற்றில் சோலார்: இராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்குப் பொருள் தேர்வும் வயரிங்கும்

இராமநாதபுரம் மாவட்டத்தில் வெயிலுக்குக் குறைவில்லை. கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்ததே இந்த வெயிலை நம்பித்தான். ஆனால் கமுதி கடலிலிருந்து தள்ளி இருக்கிறது. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று கரையை ஒட்டி வீடு உள்ளவர்கள் சோலார் போடும்போது முதலில் யோசிக்க வேண்டியது காற்றைப் பற்றி. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் அரிப்பால் நலிந்து, 2022 டிசம்பரோடு அதில் ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசைலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. அதே காற்றுதான் உங்கள் மொட்டை மாடியிலும் வீசுகிறது.

இந்தக் கரையில் பேனல் தானாகக் கெட்டு சோலார் நின்றுபோவது குறைவு. போல்ட் துருப்பிடிக்கும், கனெக்டருக்குள் உப்பு இறங்கும், வயர் முனையில் மாட்டும் லக்கு என்ற உலோக வளையம் பச்சை பூக்கும், எர்த் கம்பி மண்ணோடு மண்ணாகும். மொத்தச் செலவில் இந்தச் சில்லறைப் பொருட்களின் பங்கு மிகச் சிறியது. கொட்டேஷனில் விலையைக் குறைக்க முதலில் கை வைப்பதும் இவற்றில்தான். புதிதாகப் போடுகிறவர்கள் பேனல் பிராண்டைப் பற்றிக் கேட்கும் நேரத்தில் பாதியையாவது இவற்றுக்கு ஒதுக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கொட்டேஷன் வாங்கும் முன்

மின் கட்டண ரசீதை எடுத்து, இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது என்று பாருங்கள். நம் பக்கம் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 720 யூனிட் அளவு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம் என்பதால், 300 யூனிட் ஓடும் வீட்டுக்கு 3 கிலோவாட் தேவையே இல்லை. 2024-ல் தொடங்கிய பிரதமர் சூர்யா கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் உண்டு. மானியம் வேண்டும் என்றால் பேனலும், அதற்குள் இருக்கும் செல்களும் உள்நாட்டில் தயாரானவையாக இருக்க வேண்டும். இதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

இன்னொன்றையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். மின்வாரிய லைனோடு இணைத்த, பேட்டரி இல்லாத ஆன்கிரிட் அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்காமல் இருக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போகும் ஊர் என்றால் லைனோடும் பேட்டரியோடும் வேலை செய்யும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் (பேனலின் நேர் மின்சாரத்தை வீட்டுக்கான மாறு மின்சாரமாக்கும் கருவி), லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஆகியவை பற்றி யோசிக்கலாம். செலவு கணிசமாகக் கூடும்.

வீட்டிலிருந்து கடல் எத்தனை மீட்டர் என்பதையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பல பேனல், இன்வெர்ட்டர் நிறுவனங்களின் நிறுவல் கையேட்டில் கடலிலிருந்து இத்தனை மீட்டருக்குள் போட்டால் தனி நிபந்தனை என்று ஒரு வரி இருக்கும். வாரண்டி கேட்டுப் போகும்போதுதான் அந்த வரி கண்ணில் படும். வாங்கும் முன்பே அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். பாம்பன் தீவில் வடகடலும் தென்கடலும் இரு பக்கமும் இருப்பதால் எந்தக் காற்று அடித்தாலும் உப்பு வரும். அங்கே தூரக் கணக்கு பெரிதாக உதவாது. கடுமையான நிலைக்கான பொருளையே வாங்குவது நல்லது.

பேனல்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஐஇசி 61215, 61730 இரண்டும் அடிப்படைச் சான்றுகள். நமக்குக் கூடுதலாக வேண்டியது ஐஇசி 61701, அதாவது உப்புத் தூவல் சோதனை. டேட்டாஷீட்டில் அதன் கடுமை நிலை 6 அல்லது 8 என்று குறித்திருந்தால் நல்லது. பின்பக்கம் பிளாஸ்டிக் தாள் உள்ளதைவிட இரு பக்கமும் கண்ணாடி உள்ள பேனலுக்குள் ஈரம் இறங்குவது கடினம். கடற்கரைக்கு என் தேர்வு அதுதான். எடை கூடும் என்பதால் பேனலைத் தாங்கும் ஸ்டிரக்சரும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

பேனல் சூடானால் உற்பத்தி குறையும். 25 டிகிரிக்கு மேல் செல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் பழைய மோனோ பெர்க் வகையில் ஏறக்குறைய 0.35 சதவீதமும், டாப்கான் வகையில் 0.30 சதவீதமும் போகும். சித்திரை வெயிலில் செல் 60 டிகிரியைத் தாண்டும். ஆகவே மாடித் தரைக்கும் பேனலுக்கும் நடுவே காற்று ஓட இடம் வேண்டும்.

மாடிக்கு ஏற்றும்போது பேனலைத் தரையில் இழுக்க விடாதீர்கள். அலுமினிய ஃபிரேமின் மேல் உள்ள ஆனோடைஸ் பூச்சு கீறினால் உப்பு வேலை செய்யத் தொடங்குவது அங்கேதான்.

ஸ்டிரக்சரும் போல்ட்டும்

"எல்லாம் ஜிஐ-தான் சார்" என்பார்கள். ஜிஐ என்ற பெயரில் இரண்டு விதமான பொருள் வருகிறது. ஒன்று, இரும்பை வெட்டி, துளை போட்டு, வெல்டிங் எல்லாம் முடித்தபின் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது. இதில் பூச்சு 80 மைக்ரான் அளவு இருக்கும். இன்னொன்று, ஏற்கெனவே மெல்லிய பூச்சு போட்ட தகட்டிலிருந்து செய்த பைப். 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம் துத்தநாகம்) தகட்டில் பக்கத்துக்குப் பத்து மைக்ரான்கூட வராது. கடலிலிருந்து தள்ளிய ஊர்களில் இது பல வருடம் தாங்கலாம். கடலோரத்தில் முதல் மழைக்காலம் முடிவதற்குள் வெட்டிய முனைகளில் சிவப்பு தெரியும்.

பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். முக்கி எடுத்ததில் மங்கிய சாம்பல் நிறமும், ஓரங்களில் துத்தநாகம் வழிந்து உறைந்த தடமும், பைப்பின் உள்ளேயும் பூச்சும் இருக்கும். பளபளவென்று சீராக மின்னினால் சந்தேகப்படுங்கள். பூச்சின் தடிமனை அளக்கும் சிறிய கருவி நல்ல ஒப்பந்தக்காரரிடம் இருக்கும். வைத்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. மாடியில் வந்து வெல்டிங் போடுவதோ புதிதாகத் துளை போடுவதோ கூடாது. தவிர்க்கவே முடியாவிட்டால் அந்த இடத்தைச் சுத்தம் செய்து, துத்தநாகம் மிகுந்த பெயிண்ட் இரண்டு கை அடிக்க வேண்டும். அலுமினியப் பெயிண்ட் நிறத்தில் மட்டும்தான் ஒத்துப்போகும், காப்பு தராது.

அடுத்தது போல்ட். "எஸ்எஸ் போல்ட்", அதாவது துருப்பிடிக்காத எஃகு போல்ட், என்று எழுதியிருந்தால் எந்த எஸ்எஸ் என்று கேளுங்கள். சாதாரணமாகக் கிடைக்கும் 304, கடல் காற்றில் பழுப்புக் கறை பிடித்து மெல்லக் குழி விழும். 316-ல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். காந்தம் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. போல்ட்டின் தலையைப் பாருங்கள். ஏ2 என்று பொறித்திருந்தால் அது 304 வகை, ஏ4 என்று இருந்தால் 316 வகை. ஒன்றும் பொறிக்காத போல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எஸ்எஸ் நட்டை மெஷின் வைத்து வேகமாக முறுக்கினால் மரை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரையில் ஒட்டாமல் தடுக்கும் பேஸ்ட் கொஞ்சம் தடவி, டார்க் ஸ்பேனரால் முறுக்கச் சொல்லுங்கள்.

இந்தக் கரைக்குப் புயல் புதிதல்ல. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனது. 2020 டிசம்பரில் புரெவி மன்னார் வளைகுடாவில் நம் கரையை ஒட்டியே நின்று வலுவிழந்தது. மாடியில் சாய்த்து வைத்த பேனல் வரிசை காற்றுக்கு விரித்த பாய் மாதிரி. நிழலுக்காகவும் துணி காயப்போடவும் எட்டடி உயரத்தில் ஸ்டிரக்சர் கேட்பது இங்கே பலருக்கு வழக்கம். கடலுக்கு நேர் எதிரே உள்ள வீட்டில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தாழ்வாக, கைப்பிடிச் சுவரின் மறைவில் வைத்தால் காற்றின் தூக்கு விசை பெரிதும் குறையும். நம் ஊர் அட்சரேகை 9 டிகிரியைச் சற்றே தாண்டியது. ஆகவே தெற்குப் பார்த்து 10 டிகிரி சாய்வே போதும். அதற்கு மேல் சாய்ப்பதால் காற்றுக்குத்தான் வாகு. 5 டிகிரிக்குக் கீழே போனால் மழைநீர் வடியாமல் அடி ஓரத்தில் உப்பும் தூசியும் படிந்து நிற்கும்.

டிசி கேபிளும் கனெக்டரும்

என்னைக் கேட்டால் முழு வேலையிலும் கவனம் அதிகம் வேண்டியது இங்கேதான். பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை வரும் நேர் மின்சாரம் (டிசி) 250, 300 வோல்ட் இருக்கும். பகல் முழுக்க உயிரோடு இருக்கும். சுவிட்சை அணைத்தாலும் பேனல் பக்கம் அணையாது. அதில் ஒரு இணைப்பு தளர்ந்தால் பொறி பறக்கும். மாறு மின்சாரத்தில் (ஏசி) அந்தப் பொறி நொடிக்கு 100 முறை தானே அணைய வாய்ப்பு உண்டு. நேர் மின்சாரத்தில் அது எரிந்துகொண்டே இருக்கும்.

கேபிளின் மேல் ஐஎஸ் 17293 அல்லது ஈஎன் 50618 என்றும், 1500 வோல்ட் டிசி என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் பிவிசி வயரைச் சிவப்பு, கறுப்பு என்று நிறம் பார்த்து மாடியில் ஓட்டிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வெயிலில் அதன் தோல் வெடித்துவிடும். ஒரு துண்டு கேபிளின் முனையைச் சீவிப் பாருங்கள். உள்ளே இழைகள் வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டும். அது வெள்ளீயம் பூசிய செம்பு. வெறும் செம்பு இழை என்றால், உப்பு ஈரம் முனை வழியாக ஏறி உள்ளே கறுத்துக்கொண்டே போகும்.

தடிமன் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 540 வாட் பேனல் 6 போட்டு ஒரே வரிசையாக இணைத்தால் வேலை செய்யும் அழுத்தம் சுமார் 250 வோல்ட், ஓட்டம் 13 ஆம்பியர். இன்வெர்ட்டர் 20 மீட்டர் தூரத்தில் இருந்தால் போக வர 40 மீட்டர் கேபிள். 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கேபிளின் தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5.1 ஓம் என்பதால், 40 மீட்டரில் 0.2 ஓம். அதாவது இழப்பு சுமார் 2.6 வோல்ட், ஒரு சதவீதம். இது பரவாயில்லை. 6 ஸ்கொயர் போட்டால் 1.8 வோல்ட்டாகக் குறையும். தூரம் 40 மீட்டரைத் தொட்டால் யோசிக்காமல் 6 போடுங்கள்.

இதே கணக்கு 12 வோல்ட்டில் தலைகீழாகிவிடும். கருவாடு காயவைக்கும் கொட்டகைக்கோ, இறால் பண்ணைக் காவல் குடிசைக்கோ ஒரு பேனல், ஒரு பேட்டரி வைத்து 10 மீட்டர் தள்ளி 10 ஆம்பியர் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 2.5 ஸ்கொயர் வயரில் 1.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12-ல் அது 13 சதவீதம். விளக்கு மங்குவதற்குப் பேட்டரியைக் குறை சொல்லும் முன் வயரின் தடிமனைப் பாருங்கள். குறைந்த வோல்ட்டில் பேட்டரி பக்கத்திலேயே இருக்க வேண்டும், வயர் தடியாக இருக்க வேண்டும்.

பேனல் கேபிள்களை ஒன்றோடொன்று மாட்டும் எம்சி4 கனெக்டர் பற்றி ஒரு விதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றோடொன்று மாட்டும் ஆணும் பெண்ணும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலாக இருக்க வேண்டும். "எம்சி4-க்குப் பொருந்தும்" என்று விற்கும் வேறு கம்பெனிப் பொருள் கிளிக் என்று மாட்டிக்கொள்ளும். ஆனால் உள்ளே உலோகம் தொடும் பரப்பும் ரப்பர் வளையமும் நூலிழை மாறியிருக்கும். அந்த இடைவெளியில் உப்பு ஈரம் இறங்கி, தடை கூடி, சூடேறி, உருகும். மாடித் தீ விபத்துகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். பேனலோடு வரும் கனெக்டர் எந்தக் கம்பெனி என்று பார்த்து, மற்ற முனைக்கும் அதையே வாங்கச் சொல்லுங்கள்.

கனெக்டரின் உலோக முனையைக் கேபிளில் நசுக்கிப் பிடிக்க வைப்பதற்கு (கிரிம்ப்) அதற்கென்றே உள்ள ராட்செட் கருவி வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கிய முனையை ஏற்காதீர்கள். பின்பக்க நட்டை ஸ்பேனரால் முறுக்க வேண்டும், கை இறுக்கம் போதாது. மாட்டாமல் திறந்து கிடக்கும் கனெக்டர் ஒரே இரவில்கூடக் கெடத் தொடங்கலாம். மறுநாள்தான் மாட்டப்போகிறார்கள் என்றால் மூடி போட்டு வைக்க வேண்டும். மாட்டிய கனெக்டர் தளத்தில் தண்ணீரில் கிடக்காமல் ஃபிரேமுக்கு அடியில் கட்டியிருக்க வேண்டும். இன்வெர்ட்டர் ஓடும்போது அதைப் பிரிக்கவே கூடாது. முதலில் ஏசி, பிறகு டிசி ஐசொலேட்டர் என்ற துண்டிப்பு சுவிட்ச், அப்புறம்தான் கனெக்டர்.

கேபிளைக் கட்ட வெள்ளை நைலான் டேக் வேண்டாம், வெயிலில் ஒரு வருடத்தில் பொடியாகிவிடும். எஸ்எஸ் 316 டை, அதிலும் மேலே பிளாஸ்டிக் உறை போட்டது நல்லது. சுவரில் இறங்கும் பைப் வெயிலைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். அணில் நுழையும் வாய்களை அடைத்து, தண்ணீர் வடிய அடியில் சிறு துளை விட வேண்டும். பிளஸ், மைனஸ் இரண்டையும் சேர்த்தே ஓட்டுங்கள். ஒன்று இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமுமாகப் போனால் நடுவே பெரிய வளையம் உருவாகி, பக்கத்துப் பனைமரத்தில் இடி விழுந்தாலும் அதன் அதிர்ச்சி இன்வெர்ட்டருக்கு வரும்.

பெட்டிக்குள் இருப்பவை

டிசி பெட்டியில் ஏசி எம்சிபி (தானே விழும் பாதுகாப்பு சுவிட்ச்) போட்டுக் கொடுத்தால் அது பாதுகாப்பே இல்லை. நேர் மின்சாரப் பொறியை அணைக்க அதனால் முடியாது. டிசி எம்சிபி என்றாலும் அதில் பிளஸ், மைனஸ் குறி இருந்தால் திசை மாற்றி மாட்டக் கூடாது. ஒரே வரிசை, அல்லது இணையாக இரண்டு வரிசை என்றால் ஃபியூஸ் பொதுவாகத் தேவைப்படாது. மூன்று வரிசை சேரும்போது ஒவ்வொன்றுக்கும் ஜிபிவி வகை ஃபியூஸ் வேண்டும். மின்னல் எழுச்சியைத் தாங்கும் எஸ்பிடி டிசி பக்கமும் ஏசி பக்கமும் வேண்டும். டிசி எஸ்பிடியின் வோல்ட் அளவு, வரிசையின் திறந்த மின்னழுத்தத்தைவிட (எதோடும் இணைக்காதபோது உள்ள வோல்ட்) கூடுதலாக இருக்க வேண்டும். 6 பேனல் உதாரணத்தில் அது 300 வோல்ட்டை ஒட்டி வரும், ஆக 600 வோல்ட் எஸ்பிடி பொருந்தும்.

பெட்டி பாலிகார்பனேட்டாக, ஐபி 65 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்) ஆக இருக்கட்டும். பெயிண்ட் அடித்த இரும்புப் பெட்டி வேண்டாம். கேபிள் எப்போதும் அடியிலிருந்து, கிளாண்ட் வழியாக, ஒரு வளைவு தொங்கவிட்டு நுழைய வேண்டும்.

எர்த்

டிசி பக்கத்துக்கு ஒன்று, ஏசி பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என மூன்று குழி போடுவது இங்கே வழக்கம். நம் மணல் ஏமாற்றும். மேலே நான்கடி உலர்ந்த மணல், அதில் எர்த் பிடிக்காது. அதற்குக் கீழே உப்புத் தண்ணீர், அதில் எர்த் அருமையாகப் பிடிக்கும், ஆனால் ஜிஐ பைப் சில வருடத்தில் கரைந்துவிடும். ஆகவே ஈரம் உள்ள ஆழத்துக்குப் போகும் 3 மீட்டர் ராடு, அதுவும் 250 மைக்ரான் செம்புப் பூச்சு உள்ளது வாங்குங்கள். கடையில் மெல்லிய பூச்சில் பாதி விலைக்குக் கிடைக்கும். அடிக்கும்போதே உரிந்துவிடும்.

எர்த் டெஸ்டர் வைத்து அளந்தால் 5 ஓமுக்குள் வர வேண்டும். மழை பெய்த மறுநாள் அளந்தால் யாருடைய குழியும் தேறும். வைகாசியில் ஒரு முறை அளந்து பாருங்கள்.

பேனல் ஃபிரேமின் ஆனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் எர்த் வயரை ஃபிரேமில் எர்த் குறியிட்ட துளையில், பூச்சைக் கடிக்கும் பல் வாஷரோடுதான் மாட்ட வேண்டும். வெறும் செம்பு லக்கை அலுமினியத்தில் நேராக வைத்தால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாகும். வெள்ளீயம் பூசிய லக்கு, இடையில் எஸ்எஸ் வாஷர், இரண்டும் கட்டாயம்.

இன்வெர்ட்டர் வைக்கும் இடம்

கடல் பார்த்த சுவர் வேண்டாம், மேற்கு வெயிலும் வேண்டாம். ஐபி 65 என்றால் தூசியும் தண்ணீரும் புகாது என்றுதான் அர்த்தம், உப்பு அரிக்காது என்று அர்த்தமில்லை. வீட்டு அளவுக்கு விசிறி இல்லாத மாடல்கள் கிடைக்கின்றன, அவையே மேல். பாதுகாப்புக்கு என்று கூண்டுப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் வெக்கையில் தானே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும்.

ஒப்படைக்கும் நாள்

பணத்தின் கடைசிப் பகுதியைக் கொடுக்கும் முன் மல்டிமீட்டரில் வரிசையின் திறந்த மின்னழுத்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பேனலின் திறந்த மின்னழுத்தத்தைப் பேனல் எண்ணிக்கையால் பெருக்கி அதோடு ஒப்பிட்டால், ஏதாவது விட்டுப்போயிருந்தால் தெரிந்துவிடும். பிளஸ், மைனஸ் சரிபார்க்க வேண்டும். மெகர் என்ற கருவியை வைத்து இன்சுலேஷன் (கேபிள் தோலின் காப்பு) அளவை எடுத்து எழுதி வாங்குங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் எங்கோ தோல் கிழிந்திருக்கலாம். ஒவ்வொரு பேனலின் சீரியல் எண்ணையும், பின்பக்கக் கனெக்டர்களையும் போட்டோ எடுத்து வையுங்கள். வாரண்டிக்கு இந்தப் படங்கள்தான் பேசும்.

கழுவுவதும் பார்ப்பதும்

போர் தண்ணீரில் பேனலைக் கழுவாதீர்கள். நம் பக்கம் பெரும்பாலான கிணறும் போரும் உப்பு. காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைப் படலம் நிற்கும், பிறகு தேய்த்தாலும் போகாது. பிடித்து வைத்த மழைத் தண்ணீர் ஒரு வாளியும் மென்மையான துணியும் போதும். விடியற்காலையில், கண்ணாடி சூடேறும் முன் செய்யுங்கள். கருவேலங்கரி மூட்டம் போடும் ஊர்களில் கரித்தூசியும், கருவாட்டுத் திடலுக்கு அருகே காக்கை, கடல்புறா எச்சமும் அதிகம். எச்சம் மறைக்கும் அந்த ஒரு செல் சூடேறிக் கருகும் என்பதால் அதை உடனே துடைக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசி பிறப்பதற்குள், ஆளைக் கூப்பிட்டு ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். போல்ட் இறுக்கம், லக்குகளில் பச்சை, கனெக்டர் நிறம் மாறியிருக்கிறதா, எஸ்பிடி ஜன்னல் பச்சையா சிவப்பா, எர்த் அளவு ஆகியவற்றைப் பார்க்க அரை நாள் வேலைதான். நாலைந்து ஏ4 போல்ட், அதே கம்பெனி கனெக்டர் இரண்டு ஜோடி, எஸ்பிடி கார்ட்ரிட்ஜ் ஒன்று ஆகியவற்றை டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி வீட்டிலேயே வையுங்கள். புயல் முடிந்த வாரத்தில் இவை மதுரையிலிருந்து வரும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.